மூச்சில் போனதற்கும் கணக்கு உண்டு: தொழிற்கூட வேதிப்பொருள் பதிவேடுகள், ஓர் எளிய அறிமுகம்

ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு யூனிட்டுக்குள் போய், போன வருடம் ஆகஸ்டில் இன்னார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். ஓவர்டைம் எவ்வளவு, பி.எஃப். பிடித்தம் எவ்வளவு, கேன்டீன் டோக்கன் எத்தனை என்பதுவரை கணக்கு இருக்கும். அதே ஆள் அந்த ஆகஸ்டில் தின்னர் ஆவியை எந்த அளவில் சுவாசித்தார் என்று கேட்டுப் பாருங்கள். எச்.ஆர். சேஃப்டியைக் கை காட்டுவார், சேஃப்டி ஸ்டோர்ஸைக் கை காட்டுவார், ஸ்டோர்ஸ்காரர் எத்தனை பேரல் வந்தது என்று மட்டும் சொல்வார்.

இந்தக் கேள்விக்கும் பதிலை எழுதி வைத்திருக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று சட்டம் சொல்லிக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டாகப் போகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் சின்ன யூனிட் நடத்துபவர்களுக்கும், அங்கே எச்.ஆர். வேலையோடு சேஃப்டி ஃபைலையும் சேர்த்துச் சுமப்பவர்களுக்கும், முக்கியமாக அந்தக் காற்றிலேயே எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்கும் இது என்ன ஏற்பாடு என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

எதற்காக இந்தக் கணக்கு

பிரஸ் மெஷினில் விரல் போனால் யாரும் சந்தேகப்பட முடியாது. நேரம் தெரியும், இடம் தெரியும், பக்கத்தில் நின்றவர் சாட்சி. வேதிப்பொருளும் தூசியும் செய்யும் கேடு அப்படி வெளியே தெரிவதில்லை. வேலை பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஆள் வேலையை விட்டு, வேறு ஊருக்குப் போய், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் வயதில் வந்து நிற்கும்.

பர்கூர், ஜெகதேவி பக்கத்து கிரானைட் பட்டறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதாவது படிக வடிவிலுள்ள சிலிக்கா. அறுக்கும்போதும், கிரைண்டரில் ஓரம் தேய்க்கும்போதும் அது தூளாகிப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரிந்து சட்டையில் படியும் தூசி அவ்வளவு மோசமில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் கடைசி அறைவரை போய் அங்கேயே தங்கித் தழும்பு போடும். இதுதான் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் தூசியில் நின்றவர்களுக்கு வரும். தூசி மிக அதிகமாக இருந்தால் அதற்கு முன்பே வந்துவிடும். வந்த தழும்பை அழிக்க மருந்து கிடையாது.

இப்படி ஒருவர் ஐம்பது வயதில் இருமிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“என்ன வேலை பாத்தீங்க?”

“கல்லு பட்டறைங்க சார். பாலிஷ் போட்டுட்டு இருந்தேன்.”

“எத்தன வருஷம்?”

“அது ஆச்சுங்க, ஒரு பன்னெண்டு, பதிமூணு வருஷம். நாலு எடத்துல.”

“தூசி எவ்ளோ இருக்கும்? எக்ஸ்ரே ஏதாவது எடுத்தாங்களா அப்ப?”

“ஒரு தடவ வேன் வந்துச்சுங்க. எடுத்தாங்க. பேப்பர் ஒண்ணும் குடுக்கலைங்க.”

இதற்குமேல் டாக்டர் என்ன செய்வார்? எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது. அது காசநோயாகவும் இருக்கலாம், சிலிக்கோசிஸாகவும் இருக்கலாம். இரண்டும் படத்தில் ஒன்றுபோலத் தெரியக்கூடியவை; போதாததற்குச் சிலிக்கா தூசியில் நின்ற நுரையீரலில் காசநோய் எளிதாகவும் பிடிக்கும். வேலை வரலாறு காகிதத்தில் இருந்தால் டாக்டருக்கு ஒரு பிடி கிடைக்கும். இல்லையென்றால் காசநோய் மாத்திரையோடு கதை முடியும்.

பணம் சம்பந்தப்பட்ட பக்கமும் உண்டு. தொழில்நோய்க்கு இ.எஸ்.ஐ.யிலும் இழப்பீட்டுச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. ஆனால் எந்த வேலையில் எவ்வளவு காலம் இருந்தார் என்பதைப் பொறுத்துத்தான் அது நகரும். சில நோய்களுக்கு அந்த வேலையில் குறைந்தது ஆறு மாதம் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். சிலிக்கோசிஸ் வகை நுரையீரல் நோய்களுக்குக் காலக்கணக்கு தனி. நோயாளி வாயால் சொல்வதை வைத்து இதை நிறுவுவது பெரும்பாடு.

சட்டம் எங்கிருந்து வந்தது

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்கள் சுவாசித்தது என்னவென்று அங்கிருந்த டாக்டர்களுக்கே சரியாகச் சொல்லப்படவில்லை. அதற்குப் பிறகுதான் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் திருத்தம் கொண்டுவந்து, அபாயகரமான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அதில் நமக்கு வேண்டியது 41-சி பிரிவு.

அது சொல்வது இதுதான். வேதிப்பொருள், நச்சுப்பொருள், வேறு தீங்கான பொருள் எதிலாவது நிற்கும் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவுகளைத் தவறில்லாமல், அவ்வப்போது புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். விதிகளுக்கு உட்பட்டு அதைத் தொழிலாளி பார்க்க முடிய வேண்டும். அந்த வேலையில் போடுவதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை, வேலையில் இருக்கும்வரை பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதனை, அந்த வேலையை விட்ட பிறகும் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதைச் செய்யும் யூனிட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேட்டைத் தாண்டிப் போனவருக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். மேலே பார்த்த கிரானைட் ஆளுக்கு நோய் வந்ததே கேட்டைத் தாண்டிய பிறகுதான். 41-சி மீறலுக்குப் பழைய சட்டத்தில் ஏழாண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று இருந்ததிலிருந்தே இதை எவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியும்.

எந்தெந்தத் தொழில் அபாயகரமானது என்று முதல் அட்டவணையில் 29 வகை இருக்கிறது. ஃபவுண்டரி, எலெக்ட்ரோபிளேட்டிங், பெயிண்ட் தயாரிப்பு, மருந்து, பேட்டரி தயாரிப்பும் பழுதுபார்ப்பும், உலோகத்தைக் கிரைண்டிங் செய்வது எல்லாம் அதில் வரும். ஓசூரில் பாதி வேலை இதற்குள் அடங்கிவிடும். கல் வேலை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் அபாயகரமான பணிகளுக்கான 87ஆம் பிரிவின் விதிகளில் சிலிக்கா உள்ள கல்லைக் கையாளும் வேலைக்குத் தனி அட்டவணை உண்டு. அங்கேயும் மருத்துவப் பரிசோதனை, உடல்நலப் பதிவேடு எல்லாம் வந்துவிடுகிறது. குவாரி வேறு கதை. அது 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் கீழ் இருந்துவந்த விஷயம். அதற்கு இன்ஸ்பெக்டரும் வேறு, படிவமும் வேறு. இந்தக் கட்டுரை பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும்.

இப்போது ஒரு மாற்றம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது, தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020. பதிவு வைக்கும் கடமை அதிலும் ஏறக்குறைய அதே வாசகத்தோடு இருக்கிறது. பழைய விதிகள் புதிய சட்டத்தோடு முரண்படாத அளவுக்குச் செல்லும். பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும் என்பதால், அச்சடித்த பழைய ரிஜிஸ்டரை மொத்தமாக வாங்கி அடுக்கும் முன் இப்போது எந்தப் படிவம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று: மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்ததைப் புதிய தொகுப்பு இருபது ஆக்கியிருக்கிறது. பதினைந்து பேரை வைத்துக் கல் அறுக்கும் ஷெட் இந்த வரையறையில் தொழிற்சாலை ஆகாது. அங்கே பறக்கும் தூசி இந்த எண்ணிக்கையைப் பார்த்துக் குறையப் போவதில்லை. எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்று காகிதம், ஒரு பெயர்

பதிவேடு என்றால் ஒற்றைப் புத்தகம் இல்லை. மூன்று வகைக் காகிதம்.

முதலாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது. வேதிப்பொருள்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எம்.எஸ்.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாளும். 1989ஆம் ஆண்டு அபாயகர வேதிப்பொருள் விதிகளில் இந்தத் தாளுக்கும் டப்பாமேல் ஒட்டும் லேபிளுக்கும் இடம் உண்டு. சப்ளையரிடம் கேட்டால் பதினாறு பகுதி உள்ள தாள் வரும். எட்டாம் பகுதியைத் திறந்தால் காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம், எந்த மாஸ்க், எந்த கிளவுஸ் என்று இருக்கும். லேபிள் இல்லாமல் கேனில் வரும் ரீசைக்கிள் தின்னருக்கு இந்தத் தாள் வராது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. விலை குறைவு என்று வாங்கினால், அந்த ஒரு கேனிலேயே மீதி இரண்டு காகிதமும் அடிபட்டுப் போகும்.

இரண்டாவது, காற்றில் எவ்வளவு இருந்தது என்று அளந்த கணக்கு. மூன்றாவது, உடம்பில் என்ன ஆனது என்ற மருத்துவக் குறிப்பு: எக்ஸ்ரே, மூச்சு ஊதிப் பார்க்கும் சோதனை, ஈயத்தில் வேலை செய்பவருக்கு ரத்தத்தில் ஈயம், குரோம் முலாம் பூசும் தொட்டியருகே நிற்பவருக்கு மூக்கின் நடுச்சுவரிலும் தோலிலும் புண் இருக்கிறதா என்பது.

மூன்றும் பல யூனிட்களில் இருக்கின்றன. கோளாறு எங்கே என்றால், மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. எம்.எஸ்.டி.எஸ். ஃபைல் ஸ்டோர்ஸில். காற்றை அளந்த லேப் ரிப்போர்ட் ஐ.எஸ்.ஓ. ஆடிட் ஃபைலில். மருத்துவக் காகிதம் எச்.ஆர். பீரோவில். லேப் ரிப்போர்ட்டில் ‘பெயிண்ட் ஷாப், ஏரியா 2’ என்று இருக்கும். அன்றைக்கு அங்கே யார் நின்றார் என்று இருக்காது. மருத்துவக் காகிதத்தில் ‘ஆபரேட்டர், வயது 34’ என்று இருக்கும். என்ன பொருளை ஆபரேட் செய்தார் என்று இருக்காது. ஆடிட்டுக்கு இது போதும், ஆளுக்குப் போதாது. இன்ன ஆள், இன்ன தேதியில், இன்ன வேலையில், இன்ன பொருளை, இவ்வளவு அளவில் எதிர்கொண்டார் என்று ஒரே வரியில் படிக்க முடிந்தால்தான் அது பதிவேடு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

அளவு என்றால் எந்த அளவு

பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பொருள்வாரியாக இரண்டு எண் இருந்தது. ஒன்று எட்டு மணி நேர சராசரி. மற்றது பதினைந்து நிமிடத்துக்கான உச்சம். அந்த உச்ச அளவை ஒரு நாளில் நான்கு தடவைக்குமேல் தொடக் கூடாது, ஒவ்வொரு தடவைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

பெயிண்ட் தின்னரில் வரும் டொலுயினுக்கு சராசரி 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு), உச்சம் 150. ஒரு ஸ்ப்ரே பெயிண்டரை எடுத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் பூத்தில் ஸ்ப்ரே அடிக்கிறார், அங்கே 180 பி.பி.எம். மீதி ஐந்து மணி நேரம் மாஸ்கிங், சேண்டிங், அங்கே 40. மூன்றை 180ஆல் பெருக்கினால் 540, ஐந்தை 40ஆல் பெருக்கினால் 200. கூட்டி எட்டால் வகுத்தால் 92.5. நூறுக்குள் இருக்கிறது, ரிப்போர்ட்டில் ‘பாஸ்’. ஆனால் அந்த மூன்று மணி நேரம் முழுவதும் 150ஐத் தாண்டிய காற்றில்தான் அவர் நின்றிருக்கிறார். சராசரியை மட்டும் எழுதி வைத்தால் இது மறைந்துபோகும்.

ஆர்டர் அவசரம், அன்று பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்று வையுங்கள். ஸ்ப்ரே அதே மூன்று மணி நேரம், மற்ற வேலை ஒன்பது மணி நேரம். 540ஓடு 360 சேர்ந்து 900. இதையும் எட்டால்தான் வகுக்க வேண்டும், ஏனென்றால் அந்த 100 என்பதே எட்டு மணி நேரத்துக்குப் போட்ட எண். 112.5 வருகிறது, தாண்டிவிட்டது. பன்னிரண்டால் வகுத்து 75 என்று காட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். ஓவர்டைம் பணமாக மட்டும் கணக்கில் ஏறுகிறது, மூச்சாக ஏறுவதில்லை.

சிலிக்காவுக்கு நேரடியாக ஓர் எண் இல்லை, ஒரு சூத்திரம் இருக்கிறது. நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்தூசியில் குவார்ட்ஸ் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதோடு இரண்டைக் கூட்டி, பத்தை அதால் வகுக்க வேண்டும். தூசியில் 23 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் பத்தை 25ஆல் வகுக்க, 0.4. ஒரு கனமீட்டர் காற்றில் 0.4 மில்லிகிராம்தான் எல்லை. கல்லில் குவார்ட்ஸ் கூடக் கூட அனுமதிக்கும் தூசி குறையும். ஆகவே தூசி எவ்வளவு என்று மட்டும் எழுதி, குவார்ட்ஸ் சதவீதத்தை எழுதாமல் விட்ட கிரானைட் ரிப்போர்ட் வெறும் காகிதம்.

மாம்பழக்கூழ் யூனிட்டில் குளிர்பதனத்துக்கு அம்மோனியா ஓடுகிறதென்றால் அதற்கு சராசரி 25, உச்சம் 35 பி.பி.எம். இங்கே தினசரி அளவைவிடக் கசிவு நடந்த நாள்தான் முக்கியம். எந்த வால்வு, எத்தனை மணிக்கு, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அன்றே எழுதிவிட வேண்டும். சீசன் முடிந்தால் அங்கே வேலைக்கு வந்த பெண்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், அப்புறம் யாரைப் போய் விசாரிப்பது?

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும்

அளப்பதிலேயே இரண்டு முறை உண்டு. ஷாப்பின் நடுவில் கருவியை வைத்து அளப்பது ஒன்று. ஆளின் இடுப்பில் சின்ன பம்பைக் கட்டி, சட்டைக் காலரில் ஃபில்டரையோ கரிக்குழாயையோ (ஆவியைப் பிடிக்கக் கரி அடைத்த சின்னக் குழாய்) மாட்டி, அவர் மூக்குக்கு ஓரடிக்குள் இருக்கும் காற்றையே நாள் முழுக்க இழுப்பது இன்னொன்று. தூசிக்கு ஃபில்டர், முன்னாலும் பின்னாலும் எடைபோட்டு வித்தியாசம் பார்ப்பார்கள். தின்னர் ஆவிக்குக் கரிக்குழாய். ஆளின் பெயரோடு சேர வேண்டிய எண் இந்த இரண்டாவது முறையில் கிடைப்பதுதான். பம்பை மாட்டியதும் சிலர் அன்றைக்கென்று பார்த்து பூத்துக்குள்ளேயே போக மாட்டார்கள், சூபர்வைசரும் லைனை மெதுவாக ஓட்டுவார். அதனால் அன்று எத்தனை பீஸ் ஓடியது என்பதையும் எழுதச் சொல்வேன்.

மாதிரிக்கு ஒரு பதிவு:

ஜூன் 11, பகல் ஷிப்ட், காலை 6 முதல் 2.30 வரை. ஸ்ப்ரே பூத் 2. பெயர், டோக்கன் எண், யு.ஏ.என். எனும் பி.எஃப். எண், காண்ட்ராக்ட் என்றால் காண்ட்ராக்டர் பெயர். வேலை: பிராக்கெட் ஸ்ப்ரே, 410 பீஸ். பொருள்: தின்னர், பிராண்டு, பேட்ச் எண், டொலுயின் உள்ளது. அளந்த முறை: கரிக்குழாய், பம்ப் எண், காற்று ஓடிய வேகம், ஓடிய நிமிடங்கள். லேப் பெயர், ரிப்போர்ட் எண். முடிவு: சராசரி இவ்வளவு, ஸ்ப்ரே நேரத்தில் பதினைந்து நிமிட அளவு இவ்வளவு. எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டில் ஒன்று ஓடவில்லை. மாஸ்க்: கார்ட்ரிட்ஜ் வகை, போட்டிருந்தார், கார்ட்ரிட்ஜ் மாற்றிய தேதி தெரியவில்லை.

கடைசி இரண்டு வரிதான் எழுத மனம் வராத வரிகள். ஃபேன் ஓடவில்லை என்று எழுதினால் நம் தலையில் விடியும் என்ற பயம். உண்மையில் எண்ணுக்கு அர்த்தம் தருவதே அவைதான். 112 என்ற எண் ஃபேன் ஓடாத நாளிலா, ஓடிய நாளிலா என்று தெரியாவிட்டால் அடுத்து எதைச் சரிசெய்வது என்றும் தெரியாது.

யு.ஏ.என். எண்ணைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தருமபுரி பக்கம் ஒரு ஷிப்டிலேயே மூன்று முருகன் இருப்பார்கள், இனிஷியலும் ஒன்றாக இருக்கும். வடக்கிலிருந்து வந்த பையன்களின் பெயரைக் கேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள். டோக்கன் எண் கம்பெனியை விட்டால் போச்சு. யு.ஏ.என்., இ.எஸ்.ஐ. எண் இரண்டும் ஆளோடு கம்பெனி கம்பெனியாகப் போகும். முகவரியில் ஊரும் பின்கோடும் எழுதுங்கள். மாவட்டப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 2004 பிப்ரவரிக்கு முந்தைய காகிதம் எதை எடுத்தாலும் ஓசூரும் பர்கூரும் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும்.

காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளேட்டிங் தொட்டி கழுவுவது, பூத் ஃபில்டர் மாற்றுவது, ஸ்லட்ஜ் அள்ளுவது போன்ற மோசமான வேலையெல்லாம் அவர்களிடம்தான் போகும். அவர்கள் பெயர் பெரும்பாலும் கம்பெனி ரிஜிஸ்டரில் இருக்காது, ‘காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்’. காண்ட்ராக்டரிடம் வருகைப் பதிவுதான் இருக்கும். யார் சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்று பார்க்காமல், யார் அந்தக் காற்றில் நின்றார் என்று பார்த்து எழுதினால் இந்தச் சிக்கலே வராது. தொழிற்சாலைக்குள் வேலை செய்பவர் நேரடியாக வந்தவரானாலும் ஏஜென்சி மூலம் வந்தவரானாலும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான்.

எத்தனை வருடம் வைத்திருப்பது

பில்லை எட்டு வருடம் வைத்துவிட்டு எடைக்குப் போடும் பழக்கம் இங்கே உதவாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தந்த தீர்ப்பு ஒரு கணக்குச் சொன்னது: வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவை வைத்திருக்க வேண்டும். 2001இல் சேர்ந்து 2012இல் விட்டவருக்கு முதல் கணக்குப்படி 2041, இரண்டாவதுபடி 2027. ஆக, 2041 வரை. அது கல்நார் ஆலைகளுக்குச் சொன்னது என்றாலும் சிலிக்கா, குரோமியம், பென்சீன் போன்ற மெதுவாக வேலை காட்டும் பொருள்களுக்கு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அமெரிக்காவில் காற்றளவுப் பதிவை 30 ஆண்டும், மருத்துவப் பதிவை வேலைக்காலம் போக மேலும் 30 ஆண்டும் வைக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் பதினைந்து வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். பிரிட்டனில் உடல்நலப் பதிவுக்கு 40 ஆண்டு. ஓசூரில் ஏற்றுமதி வேலை செய்யும் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டில் இந்த எண்களைக் கேட்பதும் உண்டு.

நாற்பது ஆண்டு தாங்க வேண்டும் என்றால் லாப்டாப்பில் ஒரு எக்ஸெல் போதாது. எச்.ஆர். மாறும்போது ஃபைலும் காணாமல் போகும். ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று யூனிட்டுக்கு வெளியே. எக்ஸ்ரேயின் படத்தையே வையுங்கள், ‘நார்மல்’ என்று எழுதிய சீட்டு மட்டும் போதாது. பத்து வருடம் கழித்து ஒப்பிடப் படம்தான் வேண்டும். யூனிட்டை விற்றாலோ மூடினாலோ மெஷின் லிஸ்ட்டோடு இந்தப் பதிவுகளும் கைமாறுகின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விடச் சுலபம், வேலையை விடும் நாளில் செட்டில்மென்ட் காகிதத்தோடு அவர் பதிவின் ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவது. அதற்கு ஜெராக்ஸ் செலவுதான் ஆகும்.

மருத்துவக் குறிப்பை யார் பார்க்கலாம் என்பதும் கேள்வி. சூபர்வைசருக்குத் தெரிய வேண்டியது இவர் இந்த வேலைக்குத் தகுதியா, இல்லையா, மாற்றுவேலை வேண்டுமா என்பது மட்டும். நோயின் பெயர் டாக்டருக்கும் அந்த ஆளுக்கும். இதைப் பிரித்து வைக்காத இடத்தில் ஆட்கள் இருமலையே மறைப்பார்கள், வேலை போய்விடும் என்ற பயத்தில். அறிவிக்க வேண்டிய தொழில்நோய்கள் என்று சட்டத்தில் தனிப் பட்டியல் உண்டு. சிலிக்கோசிஸ், ஈய நஞ்சு, குரோம் புண் எல்லாம் அதில் வரும். அவற்றில் ஒன்று தெரிந்தால் நிர்வாகமும், பார்த்த டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பதால் தொழிலாளி மாட்டிக்கொள்வதில்லை, கணக்கு ஆரம்பமாகிறது.

நீங்கள் தொழிலாளியாக இருந்தால்

கேட்க உரிமை உண்டு. பழைய சட்டத்தில் 111-ஏ பிரிவு, வேலையிடத்தில் தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைத் தொழிலாளி நிர்வாகத்திடம் பெறலாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. வாயால் கேட்டால் ‘பாக்கலாம்ப்பா’ என்று போகும். ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதுங்கள்: என் பெயர், டோக்கன் எண், இந்த இந்தப் பிரிவில் இந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறேன், என் மருத்துவப் பரிசோதனை முடிவுகளும், நான் வேலை செய்யும் இடத்தில் காற்றை அளந்த ரிப்போர்ட்டும், நான் கையாளும் பொருள்களின் எம்.எஸ்.டி.எஸ். தாள்களும் வேண்டும். இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் சேஃப்டி கமிட்டியில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதி மூலம் கேட்கலாம். அவர் அங்கே உட்கார்ந்திருப்பதே இதற்குத்தான்.

பதில் வராவிட்டால் போக வேண்டிய இடம், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பேச்சு வழக்கில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ். ஓசூரிலேயே அலுவலகம் இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். கம்பெனிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியை இணைத்துக் கொடுங்கள்.

பதில் வந்தால் அப்படியே மடித்து வைக்காமல் ஒருமுறை படியுங்கள். உங்கள் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, நீங்கள் உண்மையில் செய்த வேலைதான் எழுதியிருக்கிறதா, அளவு எண்ணாக இருக்கிறதா அல்லது ‘வரம்புக்குள்’ என்று மட்டும் இருக்கிறதா? ‘ஹெல்ப்பர்’ என்று எழுதியிருந்து நீங்கள் நாள் முழுக்கக் குரோம் தொட்டியில் ஜிக் இறக்கிக்கொண்டிருந்தால், அதைத் திருத்தச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதற்கும் இரண்டு பிரதி.